கோட்டுக்கு அந்தப் பக்கம் கூப்பிட்ட எல்க்

அமெரிக்காவில் வெளிமாநிலத்தாருக்கு வேட்டை லைசன்ஸ் இவ்வளவு விலையா என்று பேச்சு வந்ததால் என் அனுபவத்தையும் சொல்கிறேன்.

நான் இருப்பது மினசோட்டாவில். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர்தான் எனக்கு வேட்டை கற்றுக்கொடுத்தார். வருடா வருடம் நவம்பரில் இங்கேயே வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போவோம். எல்க் என்ற பெரிய மான் மேல் ஆசை வந்தபோது மேற்கே வயோமிங் மலைகளைப் பார்க்க வேண்டியதாயிற்று. நான் விண்ணப்பித்தபோது எல்க் டேக், அதாவது ஒரு எல்க்கை வேட்டையாடும் லைசன்ஸ், உள்ளூர்க்காரருக்கு 57 டாலர், எனக்கு 692 டாலர். பணத்தைக் கையில் வைத்திருந்தாலும் உடனே கிடைக்காது, குலுக்கலில் விழ வேண்டும். விழாத வருடங்களில் 52 டாலர் கட்டி, அடுத்த குலுக்கலில் முன்னுரிமை தரும் ஒரு பாயிண்ட் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று பாயிண்ட் சேர்த்த பிறகு, நான்காம் வருடம் மே மாதம் என் பெயர் வந்தது.

அக்டோபர் தொடக்கத்தில் இரண்டு நாள் கார் ஓட்டி டுபாய்ஸ் ஊருக்குப் போய், ஷோஷோனி தேசிய வனத்தில் கூடாரம் போட்டேன். கரடிக் காடு. இடுப்பில் கரடி ஸ்பிரே, மேலே ஆரஞ்சு அங்கி. முதல் இரண்டு நாள் சாணத்தையும் குளம்படியையும் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் விடியலுக்கு முன் ஒரு மேட்டில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் குரல் வந்தது. அடித்தொண்டை உறுமலாகத் தொடங்கி, சீழ்க்கையாக மேலே ஏறி, கடைசியில் இரண்டு மூன்று செருமலோடு அறுந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வெளிச்சம் வந்ததும் பைனாகுலரில் பார்த்தேன். ஓடைக்கு அப்பால் புல்வெளியில் ஆறு பெட்டைகள், பின்னால் கொம்பை முதுகுவரை சாய்த்தபடி ஒரு பெரிய ஆண். மூச்சு ஆவியாக வெளிவருவது தெரிந்தது.

போனில் வரைபடத்தைத் திறந்தேன். ஓடைக்கும் எனக்கும் நடுவில் ஒரு எல்லைக் கோடு ஓடியது. கோட்டுக்கு அந்தப் பக்கம் வில்டர்னஸ், அதாவது மத்திய அரசு சட்டம் போட்டுக் காக்கும் வனப்பகுதி. அதற்குள் வெளிமாநிலத்தார் எல்க், மான், கரடி போன்றவற்றை வேட்டையாட வேண்டுமானால், லைசன்ஸ் பெற்ற கைடோ அனுமதிச் சீட்டு வாங்கிய உள்ளூர்க்காரரோ கூட வர வேண்டும் என்பது வயோமிங் சட்டம். அதே ஓடையில் நான் தனியாக மீன் பிடிக்கலாம், ஒரு வாரம் கூடாரமடித்துத் தங்கலாம், பறவைகூடச் சுடலாம். எல்க்கை மட்டும் தொடக்கூடாது. ஒன்றரை மணி நேரம் மேட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். கூட்டம் மேய்ந்துகொண்டே காட்டுக்குள் போய்விட்டது.

அன்று மாலை ஊரில் காபி குடிக்கப் போனபோது, கடை நடத்திய அம்மாவிடம் ஆற்றாமையில் இதைச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அவர்களுக்கு மாட்டுப் பண்ணை உண்டாம். பனி விழுந்தால் எல்க் கூட்டம் இறங்கி வந்து வைக்கோல் போரைப் பிரித்துத் தின்றுவிடுமாம், இரவில் வேலியையும் சாய்த்துவிட்டுப் போகுமாம். "நீங்க ஒரு வாரம் வந்து பாத்துட்டுப் போறீங்க. நாங்க வருஷம் முழுக்க இதுங்களோட இருக்கோம்" என்றார். அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. 57-க்கும் 692-க்கும் இருக்கும் வித்தியாசத்தை அதற்குப் பிறகு நான் குறை சொல்வதில்லை. அங்கே வனவிலங்குத் துறைக்கு லைசன்ஸில் வரும் பணத்தில் பெரும்பங்கு எங்களைப் போன்ற வெளியாட்கள் கட்டுவதுதான். அது நல்ல வேலைக்குத்தான் போகிறது.

கட்டணச் சண்டை கோர்ட்டு வரை போன பழைய கதை. 1976-இல் மொன்டானாவில் எல்க் லைசன்ஸ் உள்ளூர்க்காரருக்கு 9 டாலர், வெளியாள் 225 டாலருக்கு, பல விலங்குகளுக்கும் சேர்த்துத் தரும் கூட்டு லைசன்ஸ்தான் வாங்க வேண்டும். வழக்குப் போட்டவர்களில் எங்கள் மினசோட்டாக்காரர்களும் இருந்தார்கள். 1978-இல் உச்ச நீதிமன்றம், பொழுதுபோக்கு வேட்டை அடிப்படை உரிமையாகாது என்று மாநிலத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. 2005-இல் நாடாளுமன்றமும் உள்ளூர், வெளியூர் பேதம் பார்க்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டென்று சட்டமாக்கிவிட்டது. விலங்கு மாநிலத்தின் பொறுப்பு என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் அந்த மண் மாநிலத்துடையது இல்லையே! தேசிய வனம் நாடு முழுவதற்கும் பொது, நான் கட்டும் வரியிலும் அது நடக்கிறது. கைடு கட்டாயம் என்பது பாதுகாப்புக்காக என்கிறார்கள். அப்படியானால் தனியாக மலையேறப் போகிறவனுக்குப் பாதுகாப்பு வேண்டாமா? கைடுகளுக்குப் பிழைப்பு வேண்டும், அது எனக்குப் புரிகிறது. அதற்காக டேக் வாங்கியவனைப் பொதுக்காட்டின் வாசலில் நிறுத்துவது சரியில்லை. டேக்குக்கு இன்னும் நூறு டாலர் ஏற்றினாலும் கட்டுகிறேன், அந்தக் கோட்டு விதியை எடுக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் நாள் கோட்டுக்கு இந்தப் பக்கமே ஒரு பெட்டை கிடைத்தது. என் டேக்கில் அதற்கும் இடமிருந்தது. கறியை நான்கு நடையாகச் சுமந்து இறக்கினேன். கிளம்பும்போது அந்த அம்மாவுக்கும் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த தடவை டேக் விழுந்தால் தன் மகனைக் கூட்டிக்கொள்ளச் சொன்னார். உள்ளூர்க்காரர் அந்தச் சீட்டைக் காசில்லாமல் வாங்கி, வருடத்துக்கு இரண்டு பேரை உள்ளே அழைத்துப்போகலாம், கூலி மட்டும் வாங்கக்கூடாது.

கொலராடோ பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். 2025 முதல் அங்கே பெரும்பாலான பகுதிகளில் வெளிமாநிலத்தார் வில்லோடு எல்க் வேட்டைக்குப் போகக் கடையில் நேராக டேக் வாங்க முடியாது, குலுக்கல்தான். உங்களுக்குக் கிடைத்ததா?