தீபாவளி லீவில் தனியாக ரமணாசிரமம்: போகலாமா?

பெரம்பூர்வாசி:
வங்கி வேலை, வயது ஐம்பதை நெருங்குகிறது. மகன் இந்தத் தீபாவளிக்கு வெளிநாட்டிலிருந்து வரவில்லை. அண்ணி வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். போனால் வெடிச் சத்தம், அப்புறம் "எத்தனை நாள்தான் தனியா இருப்பே?" என்ற விசாரணை. அதற்குப் பதில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு வரலாமா என்று யோசனை. தனியாக வரும் பெண்ணுக்கு அறை தருவார்களா? கூட்டம் எப்படி? மௌனம் கட்டாயமா?

ஆரணிக்காரி:
நான் எப்போதும் தனியாகத்தான் போவேன், தருவார்கள். ஆனால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, சம்மதம் வந்த பிறகு கிளம்புங்கள். கட்டணம் கிடையாது, முடிந்த நன்கொடையைக் கொடுக்கலாம்.

தீபாவளி நல்ல சமயம். அமாவாசையை ஒட்டி வருவதால் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் இருக்காது. கார்த்திகை தீபத்துக்கும் நாள் இருக்கும். பொங்கலுக்கு என்றால் வேண்டாம் என்பேன். மாட்டுப் பொங்கலன்று சாமிக்கும் அம்மனுக்கும் ஊடல் நடக்கும் திருவூடல் திருவிழா, ஊரே தெருவில் நிற்கும். மார்கழி புனர்பூசத்தில் ரமண ஜெயந்தி, அப்போது அறை கிடைப்பது குதிரைக்கொம்பு.

மௌனம் உங்கள் பாடு. வகுப்பு கிடையாது, தியானம் சொல்லித்தரவும் ஆள் இல்லை. மாலையில் பாராயணம் நடக்கும், உட்கார்ந்தால் உட்காரலாம். மற்றபடி சாப்பாட்டு மணிதான் அட்டவணை. ஒன்று சொல்லிவிடுகிறேன்: வாசலிலேயே செங்கம் சாலை. பஸ் ஹாரன் தியான ஹாலுக்குள்ளும் வரும், மயில் வேறு கத்தும். நிசப்தத்தை எதிர்பார்த்துப் போனால் முதல் நாளே எரிச்சல்தான்.

எனக்குப் பிடித்தது, டிபன் முடிந்ததும் பின்பக்கமாக, மலைமேல் இருக்கும் ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறுவது. ரமணர் 1916 முதல் 1922 வரை இருந்த இடம். கல் பாவிய பாதை, நிதானமாக நடந்தால் அரை மணிக்குக் கொஞ்சம் கூட ஆகும். வழியில் ஒரு திருப்பத்தில் அண்ணாமலையார் கோவில் கோபுரங்கள் அத்தனையும் கீழே தெரியும். அங்கேயே உட்கார்ந்துவிடுவேன். இன்னும் கீழே விருபாட்ச குகை, உள்ளே ஒரே புழுக்கம். எனக்குக் கொஞ்ச நேரத்துக்கு மேல் தாங்காது, உங்களுக்கு ஒத்துவரலாம். ஐப்பசி மழையில் கல் வழுக்கும், பிடிமானமுள்ள செருப்பு போடுங்கள். கையில் வாழைப்பழம் மட்டும் வேண்டாம், குரங்கு விடாது.

சும்மாஇருப்பவன்:
பேசாமல் இருப்பதுதான் நோக்கம் என்றால் விபாசனா தியான வகுப்பு பாருங்கள் மேடம். சென்னைப் பக்கமே, திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்ற மையம். போனை வாங்கி வைத்துவிடுவார்கள், காலை 4 மணிக்கு மணி அடிக்கும், பக்கத்து ஆளிடம் சைகைகூடக் காட்டக் கூடாது. ஆனால் முதல் தடவை என்றால் 10 நாள் வகுப்புதான்.

ஆரணிக்காரி:
10 நாள் லீவா, வங்கியிலா? அவர் மேனேஜருக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லுங்கள். தவிர, அங்கே முழுக்க ஒழுங்குமுறை. பண்டிகைக்கு ஓய்வு தேடுகிறவருக்கு அது ஓய்வு இல்லை.

பெரம்பூர்வாசி:
இருவருக்கும் நன்றி. ஆசிரமத்துக்கு எழுதிவிட்டேன். இன்னும் ஒரு சந்தேகம், சிரிக்காதீர்கள்: தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க அங்கே வெந்நீர் கிடைக்குமா?