எக்ஸ்எஸ்டிடி படிக்கும்போது எட்டாவது என்ட்ரியில் பேஜ் ஃபால்ட் – உதவி தேவை

கேள்வி:
எக்ஸ்86-64 கணினிக்குச் சொந்தமாக ஒரு சின்ன கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதி வருகிறேன். ஏசிபிஐ டேபிள்களை (வன்பொருள் விவரங்களை ஃபர்ம்வேர் தரும் அட்டவணைகள்) படிக்கும் இடத்தில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கியூஎமு எமுலேட்டரில் எந்தச் சிக்கலும் இல்லை. லேப்டாப்பில் பூட் செய்தால், மற்ற டேபிள்களின் முகவரிகளைப் பட்டியலிடும் எக்ஸ்எஸ்டிடியின் முதல் ஏழு என்ட்ரிகள் ஒழுங்காக வருகின்றன, எட்டாவதைத் தொட்டதும் பேஜ் ஃபால்ட் (மெமரியை அணுக முடியாதபோது ப்ராசசர் எழுப்பும் பிழை). ஃபால்ட் ஆன இடத்தைக் காட்டும் சிஆர்2 ரெஜிஸ்டரில் உள்ள முகவரி 4096-ஆல் மீதியின்றி வகுபடுகிறது. டேபிள் இருக்கும் 4096 பைட் பக்கம் ஒன்றைத்தான் மேப் செய்திருக்கிறேன் (வெர்ச்சுவல் முகவரியோடு இணைத்திருக்கிறேன்). பக்கத்துக்குள் அது தொடங்கும் ஆஃப்செட் 4000. ஃபர்ம்வேரில் கோளாறா?

பதில்:
ஃபர்ம்வேர் மேல் தப்பில்லை நண்பரே. 4000-இல் தொடங்கினால் அந்தப் பக்கத்தில் மிச்சம் 96 பைட். டேபிளின் தொடக்கத்தில் உள்ள ஹெடர் 36 போக 60. என்ட்ரி ஒன்றுக்கு 8 பைட் என்றால் ஏழுக்கு 56. எட்டாவதின் பாதி இங்கே, மறுபாதி அடுத்த பக்கத்தில். அதை நீங்கள் மேப் செய்யவே இல்லை. டேபிள்கள் பக்க எல்லைக்குள் அடங்கும் என்று ஏசிபிஐ உறுதி தருவதில்லை, கியூஎமுவில் தற்செயலாகத் தப்பித்திருக்கிறீர்கள். முதலில் ஹெடரை மட்டும் மேப் செய்து, ஆஃப்செட் 4-இல் உள்ள நீளத்தைப் படியுங்கள். அப்புறம் அந்த நீளம் முழுவதையும் மேப் செய்யுங்கள். ஹெடரே இரண்டு பக்கங்களில் கிடக்கலாம், அதையும் கவனியுங்கள்.

கேட்டவர்:
நீளம் 196 என்று வந்தது, அதாவது 20 என்ட்ரிகள். அதை 4096-இன் மடங்காக ஏற்றி மேப் செய்தேன். அதே இடத்தில் அதே ஃபால்ட்!

வேறொருவர்:
196-ஐ மட்டும் ஏற்றினால் ஒரு பக்கம்தானே கிடைக்கும்? ஆஃப்செட்டையும் நீளத்தையும் கூட்டிவிட்டு ஏற்றுங்கள். 4000 + 196 = 4196, ஆக இரண்டு பக்கங்கள். நானும் இதே இடத்தில் ஒரு வாரம் தொலைத்தேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன்: மேப் செய்த கையோடு செக்சம் பாருங்கள். டேபிளின் எல்லா பைட்டுகளையும் கூட்டினால் கடைசி 8 பிட் பூஜ்யமாக வர வேண்டும். மேப் குறைந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும், என்ட்ரி வரை போய்த் தேட வேண்டியதில்லை. இன்னொன்று, ஃபர்ம்வேர் தரும் மெமரி மேப்பில் ஏசிபிஐ ரீக்ளைம் என்று குறித்த பகுதியை, டேபிள்களைப் படித்து முடிக்கும்வரை, மெமரியைப் பங்கிடும் அலொகேட்டரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

கேட்டவர்:
20 என்ட்ரிகளும் வந்துவிட்டன, ரொம்ப நன்றி! அவற்றை ஒரு அரேவில் நகலெடுத்து, ஒவ்வொரு டேபிளாக அதே வெர்ச்சுவல் முகவரியில் மாற்றி மேப் செய்கிறேன். ஆனால் எதைத் திறந்தாலும் எக்ஸ்எஸ்டிடி இருந்த பழைய பக்கத்தின் பைட்டுகளே வருகின்றன.

வேறொருவர்:
டிஎல்பியில் (மேப்பிங்குகளை ப்ராசசர் நினைவில் வைக்கும் கேஷ்) பழைய மேப்பிங் தங்கியிருக்கிறது. பேஜ் டேபிளில் மாற்றியதும், மாற்றிய ஒவ்வொரு பக்கத்துக்கும் இன்வல்பிஜி (அதை டிஎல்பியிலிருந்து நீக்கும் கட்டளை) கொடுங்கள். புதிதாக மேப் செய்யும் பக்கத்துக்கு அது தேவையில்லை, ஏற்கெனவே இருந்ததை மாற்றும்போது கட்டாயம்.

கேட்டவர்:
சரியாகிவிட்டது. முதல் என்ட்ரியில் எஃப்ஏசிபி வந்தது, அது எஃப்ஏடிடி என்ற ஏசிபிஐ டேபிளின் தொடக்கத்தில் இருக்கும் நான்கெழுத்து அடையாளம்தான் என்று சரிபார்த்துக்கொண்டேன். செக்சமும் எல்லாவற்றுக்கும் பூஜ்யம்.