காட்பாடியில் எல்.கே.ஜி. 25% இலவச இடம்: எங்கே தட்டிப்போகிறது?

கேள்வி: கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளி இடம் கேட்கிறோம். என்னென்ன தயாராக வைக்க வேண்டும்? இது வவுச்சர் மாதிரியா?

பதில் 1: பிறப்புச் சான்று, ஆதார், முகவரிச் சான்று, கூடவே சாதிச் சான்று அல்லது வருமானச் சான்று. நலிந்த பிரிவில் கேட்டால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அந்தச் சான்று வி.ஏ.ஓ., ஆர்.ஐ. எல்லாம் தாண்டி வரவேண்டும். இ-சேவையில் இப்போதே போட்டுவிடுங்கள். பெயரில் ஒரு இனிஷியல் மாறினாலும் சிக்கல்தான்.

பதில் 2: தூரத்தைப் பாருங்கள், வீட்டிலிருந்து பள்ளி 1 கி.மீ.க்குள் இருக்க வேண்டும். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் வேலூரில் நல்ல பள்ளி இருந்தாலும் காட்பாடி முகவரிக்குப் பலிக்காது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது (2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு). நம் ஊரில் அவை நிறைய. விண்ணப்பம் கூடினால் குலுக்கல்.

பதில் 3: வவுச்சர் என்றால் பணம் பிள்ளையோடு போகும். இங்கே அரசு பள்ளிக்கே கொடுக்கிறது. அந்தப் பணம் தாமதமானால் பள்ளி பெற்றோரிடம் கேட்பது அநியாயம், கட்டாதீர்கள்; எழுத்தில் புகார் கொடுங்கள். வேன் செலவு உங்களுடையது. சலுகை 8ஆம் வகுப்போடு முடிகிறது, 9க்கு இப்போதே யோசியுங்கள்.