சாக்கடைத் தண்ணில கரண்ட்: அந்த 80 சதவீதத்துல பயோகேஸ் எவ்ளோ?

கணக்குப்புள்ள: நேத்து ஒருத்தர் "ஜோர்டான்ல அஸ்-சம்ரா கழிவுநீர் நிலையம் தனக்கு வேண்டிய கரண்ட்ல 80 சதவீதத்த சாக்கடைத் தண்ணில டர்பைன் சுத்தியே எடுத்துக்குது, நாம தூங்குறோம்"னு போட்டு லைக்கா அள்ளிட்டாரு. ஐயா, அந்த 80ல பயோகேஸும், அதான் கழிவுநீர்க் கசடு மக்கி வர்ற எரிவாயுல எடுக்குற கரண்டும், சேத்தி. அத ஏன் முழுங்கிட்டீங்க?

டர்பைன்தம்பி: போட்டது நான்தான், பேரச் சொல்லியே கேக்கலாம். அம்மான் நகரத்து சாக்கடை சேர்ற ஐன் கஸால்ங்கிற எடத்துலேர்ந்து பிளான்ட்டுக்கு 100 மீட்டர் இறக்கம், தண்ணி தானா ஓடி வருது, உள்ள வர்ற பக்கம் 2 பெல்டன் டர்பைன், சுத்திகரிச்சு வெளிய விடுற பக்கம் 2 பிரான்சிஸ் டர்பைன். பொய்யா இதெல்லாம்?

கணக்குப்புள்ள: டர்பைன் இல்லன்னு யாரு சொன்னா? 80ல பயோகேஸ் எவ்ளோ?

கோவை மோட்டார்காரன்: பெல்டன்ல தண்ணியப் பீச்சுற நாசில்ல முடி, துணி, கவர் வந்தா அடச்சுக்காதா? பம்ப்ல சுத்துன துணிய கைய விட்டு உருவுனவனக் கேளுங்க.

டர்பைன்தம்பி: அண்ணே, ஐன் கஸால்லயே சல்லடை போட்டு மணலயும் பிரிச்சுட்டுதான் அனுப்புறாங்க. சுவிஸ்ல வெர்பியே ஊரு சாக்கடைய சுத்திகரிக்கிறதுக்கு முன்னாடியே டர்பைன்ல விடுறான், 1993லேர்ந்து, 449 மீட்டர் இறக்கம், 380 கிலோவாட்.

கணக்குப்புள்ள: சுவிஸுக்கு ஓடாதீங்க. பயோகேஸ் எவ்ளோ?

பெரம்பூர்க்காரி: சென்னைல இறக்கத்துக்கு எங்க போறது? கழிவுநீர பம்ப் வெச்சுத்தான் தள்ளுறாங்க. கொடுங்கையூர், பெருங்குடில பயோகேஸ்ல கரண்ட் எடுத்தாங்களே, அதப் பேசுங்கப்பா.

கணக்குப்புள்ள: அக்காவே சொல்லிட்டாங்க, பயோகேஸ்! இப்ப கணக்கு கேளுங்க, செகண்டுக்கு ஒரு கன மீட்டர் தண்ணி ஒரு மீட்டர் விழுந்தா 9.81 கிலோவாட், நஷ்டம் கழிக்காம, அப்ப ஒரு அப்பார்ட்மென்ட்ல ஒரு நாளைக்கு 1 லட்சம் லிட்டர் மொத்தமும் 30 மீட்டர்லேர்ந்து விழுந்தாக்கூட 8 யூனிட் சொச்சம், டர்பைன் நஷ்டம் போக பாதிதான் மிஞ்சும், அத மேல ஏத்துன மோட்டார் தின்னது அந்த எட்டுக்கும் மேல, இதுல நாம தூங்குறோமாம். சோலார் திரட்லயும் தம்பி இப்படித்தான் அளந்தாரு.

டர்பைன்தம்பி: அப்பார்ட்மென்ட்னு நான் எங்க சொன்னேன்? சோலார் திரட்ல உங்க கணக்க மூணு பேரு திருத்துனாங்களே, மறந்துருச்சா?

கணக்குப்புள்ள: திருத்துனது யூனிட் ரேட்ட. கணக்க இல்ல. பேச்ச மாத்தாதீங்க, 80ல எவ்ளோ?

கோவை மோட்டார்காரன்: சல்லடைல மாட்டுனத தெனம் யாரு அள்ளுறதுன்னு ஒருத்தரும் சொல்லலயே.

டர்பைன்தம்பி: அண்ணே, அதுக்குத் தனித் திரட் போடுங்க. இங்க ஏற்கெனவே ஒருத்தரு அடச்சுக்கிட்டு நிக்கிறாரு.