அப்ரைசலில் எழுதிவிட்டார்கள்: எனக்கு மல்டிடாஸ்கிங் வராதாம்

இருபதாம்தேதி:
ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். ரிட்டர்ன் போடும் நேரத்தில் நான் போனை எடுப்பதில்லை. அதற்காக மேலாளர் இந்த வருஷம் 'மல்டிடாஸ்கிங் போதாது' என்று எழுதிவிட்டார்.

ஏன் எடுப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு 20-ஆம் தேதி, மாலை ஐந்து மணி தாண்டிவிட்டது. மாதாமாதம் போடும் ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி போட அன்றுதான் கடைசி நாள், போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு காதில் ஹார்டுவேர் கடைக்காரர் "என் பில்லெல்லாம் வந்துச்சா?" என்கிறார். வாட்ஸ்அப்பில் இன்னொருவர் பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறார். ஐஜிஎஸ்டி (வெளிமாநில வியாபாரத்துக்கான வரி) கட்டத்தில் போட வேண்டிய தொகையை சிஜிஎஸ்டி (உள்மாநில வியாபார வரியில் மத்திய அரசின் பங்கு) கட்டத்தில் போட்டு ஃபைல் செய்துவிட்டேன். 3பியை ஒரு தடவை ஃபைல் செய்தால் செய்ததுதான், அதையே திறந்து திருத்த வழியில்லை. அதைச் சரிக்கட்ட எனக்கு மூன்று மாதம் ஆனது.

ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று இருப்பது தப்பா?

அடுப்படிஅக்கா:
தப்பு என்று சொல்ல மாட்டேன் தம்பி. ஆனால் அப்படி இருந்தால் நான் மெஸ் நடத்த முடியாது. காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு அடுப்பில் இட்லிக் குண்டான், ஒன்றில் பருப்பு குக்கர், ஒன்றில் பால். குக்கர் மூன்று விசில் வருவதற்குள் தேங்காய் துருவி, மிளகாய் வதக்கி, நேற்றைய பாக்கி கேட்டு வந்தவருக்கும் பதில் சொல்லிவிடுவேன். இட்லி வேகட்டும், அப்புறம் சட்னியைப் பார்ப்போம் என்று உட்கார்ந்திருந்தால் எட்டரைக்கு ஆபீஸ் போகிறவர்கள் பட்டினிதான். ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்தது என்பதெல்லாம் பின்னால் யாரோ பாத்திரம் கழுவித் தருகிறவர்களுக்குச் சரி.

கிளைமேலாளர்:
அக்கா சொல்வதுதான் நடைமுறை. தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், நான் உங்கள் மேலாளர் கட்சி. போன் செய்கிறவர்தான் நம் சம்பளத்தைத் தருகிறவர். அவர் நான்கு தடவை அடித்தும் எடுக்கவில்லை என்றால் ஐந்தாவது தடவை வேறு ஆடிட்டருக்கு அடிப்பார். கவனம் சிதறுகிறது என்பது பழக்கமில்லாதவர் சொல்வது. பழகினால் வரும்.

பழையபுரோகிராமர்:
பழகினால் வரும் என்பதை 2009-இல் ஸ்டான்ஃபோர்டில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டிவி, சாட், மெயில் என்று எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டிப் பழகியவர்களையும் அவ்வளவாகப் பழகாதவர்களையும் ஒப்பிட்டார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில் முதல் கூட்டம் கெட்டியாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். தாவுவதில்கூட அவர்கள்தான் பின்தங்கினார்கள். தேவையில்லாததை ஒதுக்கவும் அவர்கள் சிரமப்பட்டார்கள். பழகியதால் இப்படி ஆனார்களா, இப்படி இருப்பவர்கள்தான் அந்தப் பழக்கத்துக்குப் போகிறார்களா என்பது வேறு கேள்வி. ஆனால் பழகினால் கைவரும் என்பதற்கு அது சாட்சி இல்லை.

இன்னொன்று. இந்த வார்த்தையே 1960-களில் கணினிக்காரர்கள் கொண்டுவந்தது. அந்தக் கால ஒற்றைப் புராசஸர் இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்யவே இல்லை. இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று மாறி மாறிச் செய்தது. அப்படி மாறும்போது எந்த இடத்தில் விட்டோம் என்பதை ஒரு எண் பிசகாமல் எழுதிவைத்துவிட்டு மாறும். நமக்கு அந்த வசதி கிடையாது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் 'எந்தக் கட்டத்தில் இருந்தேன்?' என்று விழிப்போம். தம்பிக்கு நடந்தது அதுதான்.

இடலாக்குடிக்காரன்:
மெஷினை விடுங்கள். எங்கள் ஊர்ப் புலவர் செய்குத்தம்பிப் பாவலரை என்ன சொல்வீர்கள்? 1907-இல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம், அதாவது ஒரே சமயத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைத்துப் பதில் சொல்லும் வித்தை, செய்தவர். முதுகில் நெல் எறிவார்கள், எத்தனை விழுந்தது என்று எண்ண வேண்டும். மணி அடிப்பார்கள், அதையும் எண்ண வேண்டும். இதற்கு நடுவே ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார்கள், கணக்கு கேட்பார்கள், இலக்கணச் சந்தேகம் கேட்பார்கள். அவர் முஸ்லிம் என்பதால் 'துருக்கனுக்கு ராமன் துணை' என்று ஒருவர் மடக்கப் பார்த்து ஈற்றடி கொடுத்ததாகவும், முந்தைய அடியைப் பரதன், லட்சுமணன், 'சத்' என்று கொண்டுவந்து நிறுத்தி 'சத்துருக்கனுக்கு' ஆக்கிவிட்டதாகவும் ஊரில் இன்றும் சொல்வார்கள். இது ஒரு நேரத்தில் ஒரு வேலையா?

பழையபுரோகிராமர்:
ஐயா, அவதானம் என்றாலே கவனம்தானே. நூறு பேருக்கும் பதில் சொல்லும் அந்தச் சில மணி நேரம் அவர் வேறு எதையும் தொடவில்லை. கேள்விகளும் ஒருவர் பின் ஒருவராகத்தானே வரும்?

இடலாக்குடிக்காரன்:
கேள்வி வரிசையில் வரும், சரி. நெல்லும் மணியும் வரிசையிலா வரும்? வெண்பாவுக்குத் தளை தட்டாமல் சீர் தேடும்போதே முதுகில் விழுவதை ஒரு பக்கம் எண்ணிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அங்கே உங்கள் 'மாறி மாறி' ஓடாது.

பழையபுரோகிராமர்:
அந்த இடத்தில் என்னிடம் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அப்படிப்பட்டவர்கள் உண்டு. 2010-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் 200 பேரைக் கார் ஓட்டும் சிமுலேட்டரில் உட்காரவைத்து, போனில் கணக்கும் நினைவுச் சோதனையும் கொடுத்தார்கள். இரண்டிலும் தடுமாறாதவர்கள் 2.5 சதவீதம். அதாவது ஐந்து பேர். மேலாளர் சார், உங்கள் கிளையில் எத்தனை பேர்?

கிளைமேலாளர்:
பதினான்கு. கணக்கு புரிகிறது. நக்கல் வேண்டாம்.

ராத்திரிடியூட்டி:
நான் ஸ்டாஃப் நர்ஸ். அக்கா சொன்னதையும் தம்பி சொன்னதையும் ஒரே ஷிஃப்டில் பார்க்கிறவள். வார்டில் ட்ரிப் ஓடும்போது பக்கத்துப் படுக்கைக்கு டெம்பரேச்சர் எடுக்கலாம், ட்ரிப் தானே இறங்கும். ஆனால் இன்சுலின் ஏற்றும்போது முடியாது.

ஒரு மில்லியில் 40 யூனிட் இருக்கும் மருந்துக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட் இருப்பதற்கு ஆரஞ்சு மூடி. ஒருநாள் கையில் 100 யூனிட் குப்பி. அட்டெண்டர் ஒருவர் "சிஸ்டர், டிஸ்சார்ஜ் சம்மரி எப்போ வரும்?" என்றார். முகத்தைத் திருப்பிப் பதில் சொன்னேன், கை தட்டிலிருந்து சிரிஞ்சை எடுத்துவிட்டது. பத்து என்ற கோடு வரை இழுத்து, காற்றுக் குமிழி இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, மூடியைத் திரும்பப் போடக் குனிந்தால் தட்டில் கிடப்பது சிவப்பு மூடி. போட்டிருந்தால் பத்துக்குப் பதில் இருபத்தைந்து யூனிட் போயிருக்கும். அன்று ராத்திரி முழுக்கக் கை நடுங்கியது. இப்போது மருந்து ஏற்றும்போது யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன். 'திமிர் பிடித்த சிஸ்டர்' என்ற பெயர் வாங்கியாயிற்று.

அடுப்படிஅக்கா:
அம்மாடி, படிக்கும்போதே வயிறு கலங்குது. சரி, நானும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பால் பொங்கும் நேரத்தில் அந்த அடுப்பை விட்டு நகர மாட்டேன். தாளிக்கும்போது போன் எடுக்க மாட்டேன். ஒருநாள் எடுத்தேன், கடுகு கருகி ஒரு அண்டா சாம்பார் முழுக்கக் கசந்தது. தானே வேகிறதை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம், கை வைத்தே ஆக வேண்டியதை விடக் கூடாது. தம்பி, உங்கள் 3பி தாளிப்பு மாதிரி போலிருக்கிறது.

இருபதாம்தேதி:
தாளிப்பேதான் அக்கா. போர்ட்டல் சுற்றும் நேரத்தில் வேண்டுமானால் மெயில் பார்க்கலாம். எண் போடும்போது முடியாது. மேலாளரிடம் இப்படிக் கேட்கப் போகிறேன்: மற்ற நாளெல்லாம் போனை எடுக்கிறேன். 18, 19, 20 தேதிகளில் மட்டும் மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை என் அழைப்புகளை ரிசப்ஷனுக்கு மாற்றிவிடுங்கள்.

கிளைமேலாளர்:
நியாயமான கோரிக்கை, நானாக இருந்தால் ஒத்துக்கொள்வேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். ரிசப்ஷனில் இருக்கிற அம்மா ஏற்கெனவே கூரியர் வாங்கி, வருகிறவர்களை உட்காரவைத்து, பில் அடித்துக்கொண்டிருப்பார். அந்த நான்கு மணி நேரமும் உங்கள் போனும் அவர் தலையில். பில்லில் அவர் ஒரு சைபரை விட்டால் அப்ரைசலில் என்ன எழுதுவது?

இருபதாம்தேதி:
இதை நான் யோசிக்கவே இல்லை. மேலாளரிடம் போவதற்கு முன்னால் நாளைக்கு அந்த அம்மாவிடம் கேட்கிறேன்.