டோட்டல் நடுவுல 0 ஆகிடுது, டீபக்கர்லயும் சிக்க மாட்டேங்குது (விஎஸ் கோட் + ஜிடிபி)

கேள்வி:
உபுண்டு, சி++, ஜிசிசி கம்பைலர், பில்ட் பண்ண சிமேக், டீபக் பண்ண ஜிடிபி. ‘பில்’னு ஒரு ஸ்ட்ரக்ட். அதுல முதல்ல குவாண்டிட்டி, 8 இன்ட் கொண்ட அர்ரே. அதுக்கு அடுத்தே டோட்டல், ஒரு இன்ட். மெயின்லயும் ரீசெட்லயும் அந்த வேரியபிள் பெயர் ‘பி’. மெயின்ல டோட்டல் 1450னு சரியா இருக்கு. பில்லை ரெஃபரன்ஸா வாங்குற ‘ரீசெட்’ ஃபங்ஷனைக் கூப்பிட்டுத் திரும்பினா 0. ரீசெட்ல டோட்டலைத் தொடவே இல்ல, குவாண்டிட்டியை மட்டும் ஒரு ஃபார் லூப்ல அழிக்கிறேன். பிரேக்பாயிண்ட் நிக்குது. ஆனா ஒவ்வொரு வரியா நகர எஃப்10 அழுத்தினா மஞ்சள் அம்பு மேலயும் கீழயும் தாவுது, லூப்போட எண்ணி ‘ஐ’ மேல மவுஸை வச்சா ‘ஆப்டிமைஸ்ட் அவுட்’னு வருது. எங்க தப்பு?

பதில் 1:
அம்பு தாவுதுன்னா ஆப்டிமைஸ் ஆன (வேகத்துக்காகக் கம்பைலர் மாத்தி அமைச்ச) பைனரியை ஓட்டுறீங்க. பிரேக்பாயிண்ட் சிவப்பாவே நிக்குதுங்கறதால டீபக் தகவல் உள்ள இருக்கு. அது இல்லேன்னா சாம்பல் நிற வெற்று வட்டமா மாறியிருக்கும். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா சிமேக் பில்ட் டைப் ‘ரெல் வித் டெப் இன்ஃபோ’வா இருக்கணும். அது ஓ2 (ஆப்டிமைஸ் பண்ண), ஜி (டீபக் தகவல் சேர்க்க) ரெண்டு ஃபிளாகையும் சேர்த்தே கொடுக்கும். கம்பைலர் வரிகளை இடம் மாத்தி, ‘ஐ’யை ரெஜிஸ்டர்ல வச்சோ தூக்கியே எறிஞ்சோ விடும். அந்த நிலையில ஜிடிபி காட்ட ஒண்ணும் இருக்காது.

பில்ட் டைப்பை ‘டீபக்’னு மாத்தி முழுசா ரீபில்ட் பண்ணுங்க. லான்ச் ஜேசன்ல (விஎஸ் கோடோட டீபக் செட்டிங் ஃபைல்) ‘ப்ரோகிராம்’ பாதை புது பைனரியைக் காட்டுதான்னும் பாருங்க. பழைய ஃபோல்டர்ல இருக்கற பைனரி ஓடினா எத்தனை ரீபில்ட் பண்ணாலும் அதே கதைதான்.

கேட்டவர்:
ஆமாங்க, ரெல் வித் டெப் இன்ஃபோதான். மாத்தினதும் அம்பு ஒழுங்கா போகுது, ‘ஐ’யும் தெரியுது. டோட்டல் இன்னும் 0 ஆகுது. இங்க போட்டது சின்ன மாதிரிதான், உண்மையான லூப் பெருசு, ஒவ்வொரு சுத்தா எஃப்10 அழுத்திட்டிருக்க முடியாது.

பதில் 2:
எஃப்10ஐ விடுங்க, வாட்ச்பாயிண்ட் போடுங்க. ஒரு மதிப்பு மாறினதும் அது ப்ரோகிராமை நிறுத்தும். ரீசெட்டைக் கூப்பிடற வரியில நிறுத்திட்டு, கீழ டீபக் கன்சோல்ல இதை அடிங்க (இங்கிலீஷ் எழுத்துல):

-எக்ஸெக் வாட்ச் -எல் பி.டோட்டல்

‘-எக்ஸெக்’ முன்னால இருந்தாதான் கமாண்ட் ஜிடிபிக்குப் போகும், இல்லேன்னா சி++ எக்ஸ்பிரஷனா எடுத்துக்கும். ப்ரோகிராம் நின்னிருக்கும்போது அடிங்க. ‘-எல்’ சின்ன எல். அது பெயரை விட்டுட்டு முகவரியைப் பிடிச்சு வைக்கும். அது இல்லாம ஒரு ஃபங்ஷனுக்குள்ள அதோட உள்ளூர் பெயரை வச்சு வாட்ச் போட்டா, ஃபங்ஷன் முடிஞ்சதும் ஜிடிபி வாட்சையே அழிச்சிடும். அப்புறம் தொடர்ந்து ஓட விட எஃப்5.

எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி) பிராசஸர்ல இதுக்கு ஹார்ட்வேர் ரெஜிஸ்டர் 4தான், ஒண்ணுக்கு அதிகபட்சம் 8 பைட். முழு அர்ரேயையும் வாட்ச்ல போடாதீங்க. ஹார்ட்வேர்ல இடம் பத்தலேன்னா ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனா நடத்திப் பார்க்கும், ஆமை வேகம்தான்.

கேட்டவர்:
நின்னுச்சு. பழைய மதிப்பு 1450, புது மதிப்பு 0. ஆனா அம்பு ஃபார் வரியில நிக்குது! அந்த வரி டோட்டலைத் தொடலையே?

பதில் 2:
வாட்ச்பாயிண்ட் எழுத்து நடந்து முடிஞ்ச பிறகுதான் நிறுத்தும். அதனால அம்பு அடுத்து ஓடப்போற இன்ஸ்ட்ரக்ஷனைக் காட்டுது. இங்க அது ஃபார் வரியோட ‘ஐ++’. எழுதினது அதுக்கு முன்னால ஓடின வரி, அதாவது லூப்போட உடல். ‘ஐ’ இன்னும் கூடல. இப்பவே இதை ஒவ்வொண்ணா அடிச்சுப் பாருங்க (‘-எக்ஸெக்’குக்கு அடுத்த ‘பி’ ஜிடிபியோட பிரிண்ட் கமாண்ட், ‘&’ முகவரியைக் கேக்கும்):

-எக்ஸெக் பி ஐ
-எக்ஸெக் பி &பி.குவாண்டிட்டி[8]
-எக்ஸெக் பி &பி.டோட்டல்

கேட்டவர்:
ஐ = 8. ரெண்டு முகவரியும் ஒண்ணே! லூப்ல ‘<’க்குப் பதிலா ‘<=’ போட்டிருக்கேன்.

பதில் 1:
அதேதான். 8 இன்ட் 32 பைட், 33வது பைட்ல டோட்டல் ஆரம்பிக்குது. மெமரி தப்பைப் பிடிக்கற அட்ரஸ் சானிடைசரை நம்பி இருந்தா இது சிக்காது, ஒரே ஸ்ட்ரக்ட்டுக்குள்ள நடக்கற மீறலை அது வழக்கமா கண்டுக்காது. ‘-எஃப்சானிடைஸ்=அன்டிஃபைண்ட்’ ஃபிளாக் போட்டு கம்பைல் பண்ணி ஓட்டுங்க; அதுல பவுண்ட்ஸ் சோதனையும் சேர்ந்தே வரும், இன்டெக்ஸ் 8 எல்லை மீறுதுன்னு வரி எண்ணோட சொல்லிடும்.

பதில் 3:
வாட்ச் ஒத்துவராத இடத்துல கண்டிஷன் பிரேக்பாயிண்ட் போடுவீங்க. சிவப்பு வட்டத்துல ரைட் கிளிக் பண்ணி ‘எடிட் பிரேக்பாயிண்ட்’, அங்க ‘ஐ == 500’. ஒரே ஒரு ‘=’ போட்டீங்கன்னா ஜிடிபி ஒவ்வொரு தடவையும் ‘ஐ’க்குள்ள 500ஐ நிஜமாவே எழுதிடும். அப்புறம் இல்லாத பக்கைத் தேடிட்டு இருப்பீங்க.