ஆக்குபேஷனல் தெரபி: தமிழில் என்ன சொல்வது?

ந. எழுதியது:
நண்பர்களே, பெற்றோருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். நாளை மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். அன்றாட வேலைகளைச் செய்யச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு உதவும் ஆக்குபேஷனல் தெரபிக்குத் தமிழில் கைவசம் இருப்பவை தொழில்வழிச் சிகிச்சை, செயல்முறை மருத்துவம். முதலாவதைப் படித்த ஓர் அம்மா, "ஆறு வயதுப் பிள்ளைக்கு எதற்குத் தொழில்?" என்று கேட்டுவிட்டார். உள்ளே இருப்பதோ சட்டைப் பொத்தான் போடுவது, பென்சில் பிடிப்பது, மற்றப் பிள்ளைகளோடு விளையாட்டில் சேர்வது. வளர்ந்த பிள்ளைகளுக்குத் தனியாகப் பேருந்தில் போவது, கைச்செலவுக் கணக்கு, ஷேவிங்.

இ. எழுதியது:
அந்த அம்மா கேட்டது இன்றைய வழக்குக்குச் சரி, இலக்கணத்துக்குச் சரியில்லை. உண்ணல், நடத்தல், விளையாடல் எல்லாம் தொழிற்பெயர்தானே? ஐந்தொழில் புரியும் இறைவன் சம்பளமா வாங்குகிறான்? 1917இல் அமெரிக்காவில் இந்தத் துறைக்குச் சங்கம் கண்டவர்களும் பிழைப்பை மட்டும் நினைக்கவில்லை. பொழுதையும் மனத்தையும் நிறைக்கும் செயல் எதுவும் அவர்களுக்கு ஆக்குபேஷன்தான்.

ப. எழுதியது:
தொழில் இருக்கட்டும், சிகிச்சை எதற்கு? நம்மிடம் பண்டுவம் இருக்கிறது. வினைப் பண்டுவம் என்பேன். நன்னூல் என்ன சொல்கிறது? செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் ஆறும் தருவது வினை.

ச. எழுதியது:
ஐயா, நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். வினைப் பண்டுவம் என்று பலகை மாட்டினால் பழவினை தீர்க்க ஆள் வரும். ஆனால் அந்தச் சூத்திரம் எங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கிறது. எழுத மறுக்கும் பையன் வந்தால் விரலை மட்டும் பார்ப்பதில்லை. கால் தரையில் படாத நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். உடம்பைச் சரியாமல் நிறுத்தவே பாதித் தெம்பு போய்விடும். காலுக்கடியில் ஒரு பலகை வைத்தால் கை கொஞ்சம் விடுபடும். அது நிலம். தடித்த பென்சில், கருவி. ஜிப் போடப் பழக்கும்போது கடைசி இழுப்பை மட்டும் பிள்ளையிடம் விடுவோம். அது கைவந்ததும் அதற்கு முந்தைய படி. முடித்துவிட்ட சந்தோஷம் தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. அது செயல். செய்பவனை மட்டும் பிடித்துத் திருத்துவது எங்கள் வேலை இல்லை.

இ. எழுதியது:
அப்படியானால் ஒரு படி மேலே போவோம். அம்மா ஊட்டினாள், பிறவினை. பிள்ளை உண்டான், தன்வினை. பிறவினையைத் தன்வினை ஆக்குவதுதானே உங்கள் வேலை? தன்வினைப் பயிற்சி!

ச. எழுதியது:
தன்வினை தன்னைச் சுடும் என்பார்களே, ஐயா.

க. எழுதியது:
அச்சுக்கு நாள் நெருங்குகிறது. செயல்முறை என்றால் ஆய்வகத் தேர்வு நினைவுக்கு வருகிறது, இயன்முறை மருத்துவத்தோடும் (பிசியோதெரபி) குழம்பும். அன்றாடச் செயல் பயிற்சி?

ச. எழுதியது:
பயிற்சி என்றால் டியூஷன் ஆகிவிடும். பிள்ளைக்கு எது வருகிறது, எது எதனால் வரவில்லை என்று மதிப்பிட்டுத் திட்டம் போடுகிற துறை இது. சிகிச்சை இருக்கட்டும்.

ந. எழுதியது:
சரி, அட்டையில் 'அன்றாடச் செயல் சிகிச்சை', அதன்கீழ் சிறிய எழுத்தில் 'ஆக்குபேஷனல் தெரபி'. க., ச. இருவருக்கும் சம்மதம். இ. ஐயாவின் மௌனத்தையும் சம்மதமாக எடுத்துக்கொள்கிறேன்.

ப. எழுதியது:
என் மறுப்பு அப்படியே இருக்கிறது. வடசொல் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. சிகிச்சை என்று போட்ட கையேட்டைப் பதினாறு வயதுப் பிள்ளை நண்பர்கள் பார்க்கக் கையில் வைத்திருக்குமா? அதற்கு என்ன நோய்?

ந. எழுதியது:
நியாயம்தான். அடுத்த பதிப்பில் பார்ப்போம். இன்னொன்று: எழுதுவதற்குச் சாய்வாக வைக்கும் பலகைக்குச் சாய்ப்பலகை என்று போட்டிருக்கிறேன், சரியா?

இ. எழுதியது:
சாய்பலகை. வினைத்தொகையில் ஒற்று மிகாது.